மூணே மூணு ஸ்வரம்... ஒரு ஷிஃப்ட் சார்ட்!

போன செப்டம்பரில் நெய்வேலியில் எங்கள் பிளாக்கில் ஒரு வதந்தி. ‘யார் வீட்டு மாட்டுக்கோ உடம்பு சரியில்லை போலிருக்கு. சாயந்திரமானா அப்படிக் கதறுது. பாவம், டாக்டர்கிட்ட காட்டக் கூடாதா?’

ஹலோ... அந்த மாடு நான்தான்!

மாடு கையில் வைத்திருந்தது ஆல்டோ சாக்ஸஃபோன். மாட்டுக்கு வயசு 20. படிப்பது மெக்கானிக்கல் இன்ஜினீயரிங், மூன்றாம் வருஷம். இசை அனுபவம்? ஆறாம் வகுப்பில் ஸ்கூல் பிரேயர் குரூப்பில் நின்று வாயை மட்டும் அசைத்தது.

‘ஏம்மா, கீபோர்டு, கிடார்னு நாட்டுல எவ்வளவோ இருக்கே, இது எதுக்கு?’ என்று கேட்காத ஆளில்லை. எல்லோரிடமும் ‘சும்மா, ஒரு இன்ட்ரஸ்ட்’ என்று சொல்லிச் சமாளித்தேன். நிஜக் காரணம் வேறு. அதை முதன்முதலாக இங்கேதான் முழுசாகச் சொல்கிறேன்.

அரியரும் ஆல்டோவும்

ஆகஸ்ட்டில் நாலாவது செமஸ்டர் ரிசல்ட். கணக்கு பேப்பரில் எனக்கு அரியர். வாழ்க்கையில் முதல் ஃபெயில். ‘ஒண்ணுதானேடி, எனக்கு மூணு’ என்று ஃப்ரெண்ட்ஸ் தேற்றினார்கள். ஆனால், நான் வளர்ந்த ஊர் அப்படி. டவுன்ஷிப்பில் பத்தாவது, பன்னிரண்டாவது ரிசல்ட் வந்தால், யார் வீட்டுப் பிள்ளை எவ்வளவு என்று சாயங்காலத்துக்குள் மெயின் பஜார் வரைக்கும் தெரிந்துவிடும். நான் எப்போதும் ‘நல்ல மார்க்’ லிஸ்ட். அப்பா போனில் ‘என்ன கண்ணு, ரிசல்ட் வந்துடுச்சாமே?’ என்று கேட்டதும் வாயில் தானாக வந்த பதில்: “ஆல் கிளியர்ப்பா.”

அந்த வாரமே கடலூரில் அக்கா முறை ஒருத்திக்குக் கல்யாணம். ரிசப்ஷன் மேடையில் கச்சேரி. வயலின் ஒரு பக்கம், தவில் ஒரு பக்கம், நடுவில் ஒருவர் சாக்ஸஃபோன். நான் பந்தியில் உட்கார்ந்து பாயசத்தைக் கிளறிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு ராகத்தை இழுக்க ஆரம்பித்தார். கனமான குரலில் ஒரு பெரிய மனுஷர் பக்கத்தில் உட்கார்ந்து, ‘என்னாச்சு பாப்பா?’ என்று விசாரிப்பது மாதிரி இருந்தது. கச்சேரி முடியும்வரை அரியர் ஞாபகமே வரவில்லை. பத்து நாளில் முதல் தடவை!

அந்த ஓய்வு இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான் காரணம்.

வடலூரில் பேண்டு செட் வைத்திருந்த ஒரு பெரியவரைப் பிடித்தேன். கிளாரினெட், சாக்ஸ் இரண்டும் வாசிப்பவர். பேண்டு வாத்தியங்களுக்குப் பேர்போன மீரட்டில் செய்த ஒரு பழைய ஆல்டோ அவரிடம் இருந்தது. வாய்ப் பக்கம் ஒரு நசுங்கல், பாலீஷ் பாதி போய்விட்டது. விலை 8,500 ரூபாய். பொங்கல் காசு, பிறந்த நாள் காசு என்று உண்டியலில் இருந்தது, அத்தை கொடுத்தது, எல்லாம் போட்டு வாங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கிளாஸ் அவரே எடுப்பதாகப் பேச்சு. அவர்தான் ‘மாஸ்டர்’.

பெட்டியைத் திறந்து பார்த்த அம்மா ரெண்டு நிமிஷம் பேசவில்லை. அப்புறம், “ஏண்டி, இதைத் தேய்க்க எவ்வளவு புளி ஆகும்?” என்றார்.

சீவாளிக்கு மரியாதை!

முதல் கிளாஸில் ஸ்டைலாக வாத்தியத்தைத் தோளில் மாட்டி நின்றேன். மாஸ்டர் அதைக் கழற்றி வைத்துவிட்டு, மவுத்பீஸை மட்டும் கையில் கொடுத்தார். “இதை ஊதும்மா. மத்தது அப்புறம்.”

மவுத்பீஸின் அடியில் ஒரு மெல்லிய பட்டை. வெளிநாட்டில் ரீட் என்கிறார்கள். மாஸ்டர் சொன்ன பெயர் சீவாளி. நாதஸ்வரத்துக்குச் சொல்லும் அதே சொல்தான். நாதஸ்வரச் சீவாளி கொறுக்கைத் தட்டையில் செய்வது, இரண்டு பட்டை சேர்ந்து அதிரும். சாக்ஸஃபோனுக்கு ஒரே பட்டை. அதுவும் ஒரு நாணல் வகைதான். வாத்தியம் முழுக்கப் பித்தளையாக இருந்தாலும், சத்தம் பிறப்பது இந்தப் புல்லில்தான். அதனால்தான் உலகம் முழுக்க இதை டிரம்பெட் கோஷ்டியில் சேர்க்காமல், புல்லாங்குழல், கிளாரினெட் கோஷ்டியில் சேர்த்திருக்கிறார்கள். “பார்க்கத்தான் வெள்ளைக்காரன். சொந்தக்காரன் நம்ம நாயனம்தான்” என்றார் மாஸ்டர்.

பெல்ஜியத்தில் பிறந்த அடோல்ஃப் சாக்ஸ் என்பவர் கண்டுபிடித்து, 1846-ல் பாரிஸில் காப்புரிமை வாங்கிய வாத்தியம் இது. ராணுவ பேண்டுகளுக்குள் போய், ஜாஸுக்குள் போய், நம்மூர்க் கல்யாண ஊர்வலம் வரை வந்துவிட்டது.

சீவாளியை நாக்கில் ஈரப்படுத்தி, கீழ் உதட்டைப் பல்லின் மேல் லேசாக மடித்து, மேல் பல்லை மவுத்பீஸில் பதித்து... ஊதினேன். காற்று மட்டும் வந்தது. இன்னும் அழுத்தி ஊதினேன். காது கிழிகிற மாதிரி ஒரு ‘க்ரீச்’! தெரு நாய் எழுந்து போய்விட்டது.

“கடிக்காதேம்மா. சீவாளி அதிரணும்னா அதுக்கு இடம் கொடுக்கணும். நீ பயத்துல கடிக்கிற” என்றார் மாஸ்டர். பயத்தில் கடிக்கிறேன் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? அன்று முழுக்க அந்த வார்த்தையே மனசில் சுற்றியது.

ரெண்டு வாரம் மவுத்பீஸ் மட்டும். அப்புறம்தான் வாத்தியம் கைக்கு வந்தது. இரண்டரை கிலோ கனம் கழுத்துப் பட்டியில் தொங்கும். வலது கட்டைவிரல் காய்த்துப் போகும். முதல் ஸ்வரங்கள் மூன்று. பி, ஏ, ஜி. இடது கையில் ஒரு விரல் வைத்தால் பி, ரெண்டு விரல் ஏ, மூன்று விரல் ஜி. ஒவ்வொன்றையும் அசையாமல், ஆடாமல், மூச்சு தீரும்வரை பிடிக்கணும். தினமும் அரை மணி நேரம் இதேதான். பாட்டா? மூச்!

போனில் டியூனர் ஆப் போட்டுப் பார்த்து ஒரு நாள் அழாத குறை. நான் ஜி வாசித்தால் ஆப் ‘பி ஃப்ளாட்’ என்கிறது. வாத்தியம் டுபாக்கூரோ என்று மாஸ்டருக்கு போன் போட்டால் விழுந்து விழுந்து சிரிக்கிறார். ஆல்டோ என்பது ஈ ஃப்ளாட் வாத்தியம். நாம் அதில் சி விரலைப் பிடித்தால் வெளியே கேட்பது ஈ ஃப்ளாட். கோளாறு இல்லை, குணமே அப்படி!

தூங்கும் ஊர் இல்லை இது

இப்போது பிரச்னைக்கு வருவோம். உங்கள் ஊரில் ராத்திரி என்றால் எல்லோரும் தூங்குவார்கள், பகல் என்றால் விழித்திருப்பார்கள். நெய்வேலியில் அந்த வசதி கிடையாது. சுரங்கமும் அனல் மின் நிலையமும் 24 மணி நேரம் ஓடும். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் நிலத்தடி நீர் பயங்கர அழுத்தத்தில் இருக்கிறது. அதை பம்ப் வைத்து ராப்பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் கரியை வெட்டவே முடியும். ஆக, எந்த நேரத்திலும் ஊரில் பாதிப் பேர் வேலையில், மீதியில் பாதிப் பேர் தூக்கத்தில்.

அப்படித் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர்தான் பக்கத்து குவார்ட்டர்ஸ் அங்கிள். அவருடைய பெட்ரூமுக்கும் எங்கள் ஹாலுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்.

மூன்றாவது வாரம். காலேஜ் லீவு. மதியம் பதினோரு மணிக்கு நான் பி-யைப் பிடித்து நிற்கிறேன். காலிங் பெல். கதவைத் திறந்தால் அங்கிள். லுங்கி, கலைந்த தலை, சிவந்த கண். “பாப்பா... நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்து இப்பதாம்மா படுத்தேன். இன்னிக்கு ராத்திரியும் போகணும்.”

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. கெஞ்சினார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

அன்றிலிருந்து ஆராய்ச்சி. சாக்ஸின் வாய்க்குள் டவலைத் திணித்தேன். ம்ஹூம்! சத்தம் வாய் வழியாக மட்டும் வருவதில்லை, திறந்திருக்கும் துளைகள் எல்லாவற்றிலிருந்தும் வரும். பீரோவைத் திறந்து புடவைகளுக்குள் முகத்தைப் புதைத்து ஊதினேன். அம்மாவின் பட்டுப்புடவையில் எச்சில் பட்டு, வீட்டில் அன்று தனிக் கச்சேரி. பாத்ரூமில் ஊதினேன். எதிரொலியில் ஒரு மாடு நாலு மாடானது. அதற்குப் பிறகு நாலு நாள் பெட்டியைத் திறக்கவேயில்லை.

அஞ்சாவது நாள் அங்கிளே வந்தார். கையில் நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த தாள். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, அந்த மாசத்துக்கான ஷிஃப்ட் எல்லாம் எழுதியிருந்தார். காலை ஷிஃப்ட் நீலப் பேனா, மதிய ஷிஃப்ட் கறுப்பு, நைட் ஷிஃப்ட் சிவப்பு. வார விடுமுறைக்கு ஒரு சின்ன நட்சத்திரம். “சிவப்பு போட்ட அன்னிக்குப் பகல்ல மட்டும் வேணாம் பாப்பா. மத்த நேரம் தாராளமா ஊது. பாதியில நிறுத்திடாதே.”

அந்தத் தாளை ஹால் சுவரில் ஒட்டினேன். காலேஜ் டைம்டேபிள்கூட நான் அப்படி ஒட்டியதில்லை!

இருபது வருஷம்னா சும்மாவா?

சாக்ஸஃபோன் என்றாலே நம் ஆட்களுக்கு நினைவுக்கு வருபவர் கத்ரி கோபால்நாத். 1994-ல் வந்த கே.பாலசந்தரின் ‘டூயட்’ படத்தில் பிரபு கையில் இருக்கும் சாக்ஸுக்குப் பின்னால் மூச்சாக இருந்தவர். அதே 1994-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பி.பி.சி. ப்ராம்ஸ் விழாவில் கர்நாடக இசையை வாசித்தவர். 2004-ல் பத்மஸ்ரீ. 2019 அக்டோபரில் மறைந்தார்.

இந்த சாதனைப் பட்டியலைவிட என்னைப் பிடித்து உட்கார வைத்தது அதற்கு முந்தைய கதை. தென் கன்னட மாவட்டத்தில் 1949-ல் பிறந்தவர். அப்பா நாதஸ்வரக் கலைஞர். மகன் நாதஸ்வரம்தான் படித்துக்கொண்டிருந்தார். ஒரு முறை மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸஃபோனைக் கேட்டு, ‘இதுதான் எனக்கு’ என்று முடிவு செய்துவிட்டார். ஆனால், அது நம் சங்கீதத்துக்காகச் செய்த வாத்தியமே இல்லை. நாதஸ்வரத்தில் துளையின் மேல் விரல் நேரடியாகப் படும். விரலைக் கொஞ்சம் விலக்கி, மூடி, ஸ்வரத்தை வழுக்கிக்கொண்டு போகலாம். சாக்ஸில் விரலுக்கும் துளைக்கும் நடுவில் மூடி, ஸ்ப்ரிங் என்று ஒரு ஃபேக்டரியே இருக்கிறது. திறந்தால் திறப்பு, மூடினால் மூடல். இதில் கமகம் கொண்டுவர வேண்டுமென்றால் உதட்டாலும் மூச்சாலும் கொண்டுவர வேண்டும். இந்த வாத்தியத்தைக் கர்நாடக இசைக்கு வசமாக்க அவருக்கு ஏறக்குறைய 20 வருஷம் பிடித்தது என்பார்கள்.

இருபது வருஷம்! என் மொத்த வயசு. அவ்வளவு காலம் அவர் எத்தனை ‘க்ரீச்’ வாசித்திருப்பார்? எத்தனை பேர் சிரித்திருப்பார்கள்? நமக்குக் கேட்பது கேசட்டில் இருக்கும் கடைசிப் பக்கம் மட்டும்தான்.

அப்பா சொன்ன மண் கணக்கு

நவம்பர் முதல் வாரம். ஒரு சாயங்காலம் ஹாலில் ஜி பிடித்துக்கொண்டிருக்கிறேன். அப்பா சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன். வேலை முடிந்து வந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். “என்ன கண்ணு, ஒன்றரை மாசமா அதே மூணு சத்தம்தான் வருது?”

“இன்னும் நேரா நிக்க மாட்டேங்குதுப்பா. எனக்கு வராதோ என்னவோ.”

அப்பா டம்ளரை வைத்தார். “நம்ம சுரங்கத்தை நேரு வந்து ஆரம்பிச்சு வச்சது எப்போ தெரியுமா? 1957 மே மாசம். கரி கண்ணுல பட்டது எப்போ? 1961 ஆகஸ்ட். நடுவுல நாலு வருஷம் என்ன பண்ணாங்க?”

“என்ன பண்ணாங்க?”

“மண்ணு அள்ளினாங்க. உங்க தாத்தா அந்த வேலைக்கு வந்தவர்தான். நாலு வருஷம் வெறும் மண்ணு. இன்னிக்கும் ஒரு டன் கரி எடுக்க, அஞ்சு கன மீட்டருக்கு மேல மண்ணை அப்புறப்படுத்தறோம். மண்ணு அள்ளறதும் சுரங்க வேலைதான்.”

நானும் சிரித்திருக்க வேண்டியது. சிரிப்பு வரவில்லை, அழுகை வந்துவிட்டது. கழுத்தில் சாக்ஸ் தொங்க, அப்படியே நின்றுகொண்டு, “அப்பா, கணக்குல அரியர்ப்பா. ஆகஸ்ட்லயே தெரியும். பொய் சொல்லிட்டேன்” என்றேன்.

அப்பா ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. சமையலறையில் குக்கர் விசில் மட்டும். பிறகு எழுந்து நின்று சொன்னார். “கரி இன்னும் வரலைன்னா, வரலைன்னுதான் ரிப்போர்ட்ல எழுதுவோம். வந்துடுச்சுன்னு எழுத மாட்டோம்.”

அவ்வளவுதான். ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாவது நாள் ராத்திரி, என் கணக்கு புத்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் பால் இருந்தது. அப்பாதான் வைத்திருந்தார். ஃபெயிலுக்கு அவர் கோபப்படவே இல்லை. நான் பயந்தது தப்பான விஷயத்துக்கு.

அதற்கப்புறம் ஒரு மேஜிக்கும் நடக்கவில்லை. ஆனால், ஒன்று புரிந்தது. ஸ்கூலில் நுழைந்த நாளிலிருந்து நான் எதையுமே மோசமாகச் செய்ய அனுமதிக்கப்பட்டதில்லை. வராதது எல்லாவற்றையும் ‘பிடிக்கலை’ என்று ஒதுக்கிவிடுவேன். டான்ஸ் வரவில்லை, பிடிக்கலை. பாட்டு வரவில்லை, பிடிக்கலை. கணக்கும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. சாக்ஸஃபோன்தான், ‘இது உனக்கு வரலை, அதனாலென்ன, நாளைக்கும் வா’ என்றது. தினமும் அரை மணி சாக்ஸ், ஒரு மணி கணக்கு என்று வைத்தேன். இரண்டிலும் முதல் பத்து நிமிஷம் கேவலமாகத்தான் இருக்கும். பத்து நிமிஷம் கேவலமாக இருக்கப் பழகிவிட்டால், பதினோராவது நிமிஷம் தானாக வந்துவிடுகிறது.

அங்கிளுக்கு ஒரு மோகனம்

நவம்பர் 30. அங்கிளுக்கு ரிட்டையர்மென்ட். எங்கள் ஊரில் அது ஒரு சின்னத் திருவிழா. வேலைக்குப் போன மனுஷர் மாலையும் கழுத்துமாக, கூட வேலை பார்த்தவர்கள் புடைசூழ வீட்டுக்கு வருவார். வாசலில் ஆரத்தி, சரவெடி, ஸ்வீட், காரம்.

ஒரு வாரம் முன்பே சொல்லிவிட்டார். “அன்னிக்கு நீ ஒண்ணு வாசிக்கணும் பாப்பா.”

“அங்கிள், எனக்கு ஒண்ணும் தெரியாது!”

“தெரிஞ்சவங்க வாசிக்கிறதை டிவியில கேட்டுக்கறேன். நீ வாசி.”

மாஸ்டர் மோகனம் கற்றுக்கொடுத்தார். ஏறும்போது அஞ்சு ஸ்வரம், இறங்கும்போது அதே அஞ்சு. அதில் எல்லோரும் ஆரம்பத்தில் படிக்கும் ஒரு சின்ன கீதம். ராத்திரி கனவில்கூட விரல் அசைந்தது.

அன்று வாசலில் ஷாமியானா. சுமார் 60 பேர். கை நடுங்குகிறது. சீவாளி காய்ந்துவிட்டது, நாக்கும் காய்ந்துவிட்டது. முதல் வரி வந்தது. நிஜமாகவே வந்தது! ரெண்டாவது வரியில் மேல் ஸ்தாயிக்குப் போகிற இடம். பயத்தில் கடித்தேன். ‘க்ரீச்!’

கூட்டத்தில் ஒரு பையன் காதைப் பொத்தினான். சிலர் சிரித்தார்கள். நான் நிறுத்திவிட்டேன். மாலைக்கு நடுவிலிருந்து அங்கிளின் குரல் வந்தது. “அதேதான்! இந்தச் சத்தத்துக்குத்தான் நான் நைட் ஷிஃப்ட் தூக்கத்துல பதறி எழுந்தது. அன்னிக்கு இது மட்டும்தான் வரும். இன்னிக்கு நடுவுல ஒண்ணே ஒண்ணுதான் வருது. மேல வாசி பாப்பா!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். சிரித்ததில் உதடு இளகியது. திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்துக் கடைசிவரை வாசித்தேன். மேல் ஸ்தாயி சுத்தமாக வந்ததா? இல்லை. கொஞ்சம் கம்மியாக, நொண்டிக்கொண்டு வந்தது. ஆனால், வந்தது.

சாப்பாடு முடிந்ததும் அங்கிள் எங்கள் ஹாலுக்கு வந்து, சுவரில் இருந்த சார்ட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “இனிமே சிவப்பே கிடையாது” என்றார். வருஷக்கணக்காகக் கண் விழித்த மனுஷர். குரலில் சந்தோஷமா, வருத்தமா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ஜனவரியில் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, பண்ருட்டி பக்கம் சொந்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். போகும்போது ஆன்ட்டி ஒரு பை முந்திரி கொடுத்துவிட்டு, “அங்க ரொம்ப அமைதியா இருக்கும்டி, எங்களுக்குத்தான் தூக்கம் வராது” என்றார்.

டிசம்பரில் அரியர் எழுதியிருக்கிறேன். ரிசல்ட் அடுத்த மாசம். என்ன வந்தாலும் அப்பாவுக்குத்தான் முதல் போன். என்ன வந்ததோ அதையே சொல்வேன்.

போன வாரம் பக்கத்து வீட்டுக்குப் புதுக் குடும்பம் வந்துவிட்டது. அட்டைப் பெட்டிகளைக்கூட அவர்கள் இன்னும் பிரிக்கவில்லை. நான் ஒரு வெள்ளைத் தாளும் நீலம், கறுப்பு, சிவப்பு என மூன்று பேனாவும் எடுத்துக்கொண்டு போய் காலிங் பெல்லை அடித்தேன்.

“வணக்கம் அங்கிள். பக்கத்து வீடு. இந்த மாசம் உங்களுக்கு நைட் ஷிஃப்ட் எந்தெந்த நாள்?”